குதிகாலைப் பாருங்கள்

ஆம்பூரில் என் பெரியப்பா முப்பது வருடம் ஒரு தோல் ஷாப்பில் செலக்டராக இருந்தார். பதனிட்டு வந்த தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் ஒரு தோலை விரிப்பார்கள். கண் பார்ப்பதற்குள் அவர் கை பார்த்துவிடும். உள்ளங்கை முதுகுப் பக்கம் ஒருமுறை போய்வரும், விரல்கள் வயிற்றுப் பக்கத்தைக் கிள்ளிப் பார்க்கும். முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு போட்டது, உரிக்கும்போது கத்தி பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தள்ளுவார். அந்த ஆட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதை வளர்த்தவன் எப்படி வளர்த்தான் என்று சொல்லிவிடுவார்.

பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு பெரியம்மா தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. அண்ணனுக்கு பெங்களூரில் வேலை, அண்ணி ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. ஆறு மாதம் ஆள் வைத்துப் பார்த்தார்கள், மூன்று ஆள் மாறியது. கடைசியில் ஜோலார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். ‘சேர்த்தோம்’ என்று பன்மையில் எழுதுகிறேன். இடம் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னவன் நான்தான்.

நான் பார்த்ததெல்லாம் இவை: கழுவிய தரை, சுவரில் சாமி படங்கள், பதிவுச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம், வாசலில் செம்பருத்தி, வரிசையாக வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள். நிர்வாகி மரியாதையாகப் பேசினார், டீ கொடுத்தார். ஐந்தாவது வாரம் போனபோது பெரியம்மாவின் போர்வை விலகி வலது குதிகால் தெரிந்தது. நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் தோல் கழன்றிருந்தது. “கொசு கடிச்சு சொறிஞ்சிருப்பாங்க சார்” என்றார் அங்கிருந்த பெண். கை கால் அசைக்க முடியாதவர் தன் குதிகாலை எப்படிச் சொறிந்திருப்பார்?

பெரியப்பா இருந்திருந்தால் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் அந்தக் கால் அதே இடத்தில் கிடந்திருக்கும் என்று சொல்லியிருப்பார். ஆட்டுத் தோலோடு மனுஷத் தோலை வைத்துப் பேசுவது சிலருக்கு முகம் சுளிக்க வைக்கும். தோலால் சோறு தின்ற ஊர்க்காரர்கள் நாங்கள், எங்களுக்கு இது தவறாகப் படுவதில்லை.

எந்தக் கணக்கிலும் சேராத வீடு

‘நர்சிங் ஹோம்’ என்று தமிழ்நாட்டில் சொன்னால் பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் செய்கிற சின்ன ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம். மேல்நாட்டில் அதே சொல்லுக்கு, எழுந்து நடமாட முடியாத முதியவர்களை வருடக்கணக்கில் வைத்துப் பார்க்கும் இடம் என்று பொருள். இங்கே அதற்குத் தனிச் சொல் இல்லை. ‘ஹோம்’, ‘ஆசிரமம்’, ‘ஓல்ட் ஏஜ் ஹோம்’ எல்லாம் ஒன்றுதான். சொல் இல்லாததால் கணக்கும் இல்லை. சின்ன ஆஸ்பத்திரி மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வருகிறது, சுகாதாரத் துறை பார்க்கிறது. முதியோர் இல்லம் 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, சமூகநலத் துறை பார்க்கிறது. மூக்கில் ரைல்ஸ் டியூப், கீழே யூரின் பை, இடுப்பில் புண் என்று படுத்திருப்பவரை வைத்திருக்கும் இல்லம் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. நோயாளியின் உடம்பு, விடுதியின் ரிஜிஸ்டர்.

அந்த 2007 சட்டத்தை நம்மில் பலர் ஜீவனாம்சத்துக்காகவே அறிவோம். பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தருவார்கள். பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யலாம். அதே சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்குகிற அளவுக்கு அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. ‘அமைக்கலாம்’தான், ‘அமைக்க வேண்டும்’ இல்லை. தமிழில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு பாலாறே ஓடும், வேண்டுமானால் நம் பாலாறு போலத் தண்ணீர் இல்லாமல்.

தேவை பெருகிக்கொண்டே போகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031-ல் அது பதினெட்டைத் தொடும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதிலும் இந்தத் தோல் பட்டையில் ஒரு கூடுதல் முடிச்சு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளை ஓட்டுகிறவர்கள் பெண்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மருமகள் இருப்பாள் என்ற பழைய ஏற்பாட்டின் மேல்தான் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. அவள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். மகன் பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டான். 2019 ஜூலையில் தாகத்தில் தவித்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டாங்கர் கோர்த்த ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். தண்ணீருக்கு முன்னாலேயும், பின்னாலேயும், இந்த ஜங்ஷன் அனுப்பிக்கொண்டிருப்பது ஆட்களை.

கரிகிரி சொல்லிக் கொடுத்தது

படுக்கைப் புண்ணைப் பற்றி எங்கள் வடஆற்காட்டுக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தின் ஒரு பகுதி இங்கேதான் எழுதப்பட்டது.

1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியது அவருடைய பெரும்பெயர். அதைவிட அடக்கமான இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. தொழுநோய்க்காரர்களின் பாதத்தில் வரும் ஆறாத புண், நோயே சதையைத் தின்பதால் வருகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் பார்த்தது வேறு. நரம்பு செத்ததால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் ஆள் ஒரே இடத்தில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே நடக்கிறான். அழுத்தம்தான் புண். நமக்கெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடத்தில் ஒரு நெளிவு வருகிறதே, அந்தச் சின்ன வலி காப்பாற்றுகிற தோலை அவர்களுக்குக் காப்பாற்ற யாருமில்லை. அதற்கு மருந்தாக வந்தது மாத்திரை இல்லை, செருப்பு. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் வேலூரிலும், மெத்தென்ற நுண்துளை ரப்பரில் அழுத்தம் பரவும்படி செருப்புத் தைத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் இன்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் பட்டையில் அந்தச் செருப்பு பிறந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கும் அதே நிலைதான். வலி தெரியாது, தெரிந்தாலும் நெளிய முடியாது, நெளிய வேண்டும் என்று சொல்ல வாய் வராது. எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடங்கள், அதாவது நடு இடுப்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு எலும்பின் பக்கவாட்டு, குதிகால், முழங்கை, தலையின் பின்புறம் ஆகியவை மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகின்றன. ரத்தம் போகாத தோல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். முதலில் ஒரு நிறமாற்றம், பிறகு கொப்புளம், பிறகு குழி, கடைசியில் எலும்பு தெரியும்.

பாடப்புத்தகங்களில் ‘தோல் சிவந்திருக்கும், அழுத்தினால் வெளுக்காது’ என்று போட்டிருக்கும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரி அது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், அதுவும் நல்ல வெளிச்சத்தில்தான். கை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல் போல் இறுகியிருக்கிறதா, இல்லை ஊறிய மாவு போல் குழைகிறதா? செலக்டர் வேலைதான்.

தடுப்பதும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ஈரம் இல்லாமல் வைப்பது, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிடுவது, முட்டையோ பருப்போ வயிற்றுக்குள் போகும்படி பார்ப்பது. காற்று மெத்தை இருந்தால் நேரத்தைக் கொஞ்சம் நீட்டலாம், புரட்டுவதை நிறுத்த முடியாது. மெத்தை வாங்கியதோடு வேலை முடிந்ததாக நினைக்கும் இல்லங்கள் உண்டு. மெத்தையின் பிளக்கைப் பிடுங்கிச் செல்போனைச் சார்ஜ் போட்டிருந்த ஒரு கட்டிலையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இல்லத்தில் எழ முடியாதவர்கள் இருபது பேர். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு முறை புரட்ட வேண்டும். இருபது நான்கு எண்பது. ஒருவரைப் புரட்டி, துணி மாற்றி, தலையணை வைக்க ஐந்து நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 400 நிமிடம். ஆறு மணி நாற்பது நிமிடம். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து செய்தால். ஒரு ஆளால் அறுபது கிலோ உடம்பைத் தோல் உரசாமல் புரட்ட முடியாது. இழுத்தால் அந்த இழுப்பே புண்ணாகும். ஆகவே எந்த இல்லத்துக்குப் போனாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி கட்டில் எத்தனை என்பது இல்லை. “ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க முழிச்சிருக்கிறது எத்தனை பேரு?” ‘வாட்ச்மேன் இருக்காரு’ என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

பெரியம்மா இருந்த இடத்தில் இரவுக்கு ஒரே ஆயா. எங்கள் வடஆற்காட்டுப் பக்கம் பாட்டியையும் ஆயா என்போம், பார்த்துக்கொள்கிற பெண்ணையும் ஆயா என்போம். அந்த ஆயாவுக்கே ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி. இளவயதுப் பெண்களை ஷூ கம்பெனி எடுத்துக்கொள்கிறது. அங்கே பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, பஸ் வாசலுக்கு வரும். கம்பெனி வேண்டாம் என்று கழித்தவர்கள் ஹோமுக்கு வருகிறார்கள். கொசு கடித்தது என்று என்னிடம் சொன்ன பெண்ணின் மேல் அன்று எனக்கு வந்த கோபம், அவர் ஒரே ஆளாகப் பதினெட்டுப் பேரைப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு இடம் மாறியது.

நட்சத்திரம் வாங்குவது எப்படி

கவனிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற விடை, பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார். என்ன வைத்திருக்கிறார்கள்: கட்டடம், ஆள், கருவி. என்ன செய்கிறார்கள்: புரட்டுகிறார்களா, ஊட்டுகிறார்களா. என்ன ஆனது: புண் வந்ததா, எடை குறைந்ததா, விழுந்தார்களா. நம் ஊர் ஆய்வுகள் பெரும்பாலும் முதல் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி, தீயணைப்பான், கழிப்பறை எண்ணிக்கை. இவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் கட்டடம் பொய் சொல்வது சுலபம், அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

அமெரிக்கா 1987-ல் சட்டம் போட்டு மற்ற இரண்டு இடத்துக்கும் போனது. சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வு, ஊழியர் வசதிக்காகக் கட்டிப்போடுவதற்குத் தடை, ஒவ்வொருவருக்கும் உடல்நிலைக் குறிப்பு. அதற்கு முன் அங்கே நர்சிங் ஹோம்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் கட்டிலிலோ நாற்காலியிலோ கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். இருபது வருடத்தில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்தது. கட்டாததால் எல்லோரும் விழுந்து செத்துவிடவில்லை. 2008 டிசம்பரில் ஹோட்டல் மாதிரி ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆள் எத்தனை, புண் எத்தனை என்ற கணக்கை இல்லங்களே எழுதித் தந்ததால், எழுதத் தெரிந்தவர்கள் நட்சத்திரம் வாங்கினார்கள். பிறகு சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஆள் கணக்கைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. பரீட்சைத் தாளை மாணவனே திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்க வாஷிங்டன் போக வேண்டாம்.

கயிறு இல்லாமலும் கட்டிப்போடலாம். மாத்திரை இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒரு இல்லத்துக்குள் நுழையும்போது எல்லோரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தால், அமைதியான இடம் என்று மகிழ வேண்டாம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுப்பது மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. என்ன மாத்திரை, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று சீட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் டாக்டரிடமோ சி.எம்.சி.யின் முதியோர் மருத்துவத் துறையிலோ காட்டுங்கள்.

மறதி நோய் என்றதும் இன்னொன்று. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை என்று சொல்லிக்காட்டவே ‘10/66’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சர்வதேச ஆய்வுக் குழு, வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனது. நம் வீடுகளில் இதற்கு நோய் என்ற பெயரே கிடையாது. ‘வயசானா அப்படித்தான்’. அதே பதிலை இல்லத்திலும் சொன்னால், அங்கே யாருக்கும் பயிற்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மறதி முற்றும்போது சிலருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் உதிரும், தாய்மொழி கடைசியில் மிஞ்சும். உருது, தெலுங்கு, தமிழ் மூன்றும் தெருவுக்குத் தெரு மாறுகிற வாணியம்பாடியில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஆயாவிடம் ‘பானி’ கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்த ஒரு பாட்டியை நான் அறிவேன்.

பெரியம்மா விஷயத்தில் அது காபி. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டை ஜங்ஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எழுந்து, அடுப்பு மூட்டி, காபி குடித்தே ஐம்பது வருடம் பழகியவர். அங்கே ஏழரைக்கு எல்லோருக்கும் ஒரே டம்ளர் டீ. சிரிப்பாக இருக்கலாம். கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் செய்தது இவ்வளவுதான்: ஒரு மாடியில் இருந்தவர்களுக்குச் சின்னச் சின்ன முடிவுகளைத் தாங்களே எடுக்கவிட்டு, ஆளுக்கொரு செடி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இன்னொரு மாடியில் செடிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஊழியர்களே பொறுப்பு. முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பானார்கள். சாவும் அங்கே குறைவு என்று பின்னர் எழுதினார்கள். அந்தச் சாவுக் கணக்கில் பிசகு இருந்ததைத் தாங்களே திருத்தி வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் காலையில் காபியா டீயா என்று கேட்பதற்கு ஆராய்ச்சி நிரூபணம் வேண்டுமா என்ன?

கத்தியது யார், தேடி வந்தது யார்

தமிழ்நாட்டில் இல்லங்களைப் பற்றி ஊரே பேசிய இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம்.

2018 பிப்ரவரி. காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செயின்ட் ஜோசப் இல்லம். அதன் வேனுக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி அலறுவதைக் கேட்டு வழியில் மக்கள் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே காய்கறி மூட்டைகள், ஒரு சடலம், உயிரோடு இரண்டு முதியவர்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, இறந்தவர்களைச் சுவரில் கட்டிய கான்கிரீட் பெட்டகங்களுக்குள் அடக்கம் செய்வது தெரிந்தது. உரிமம் முந்தைய வருடமே முடிந்திருந்தது. உறுப்புத் திருட்டு என்றெல்லாம் பேச்சுக் கிளம்பியது. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. தெருவில் யாரும் தொட மறுக்கிறவர்களைத்தான் தூக்கி வருகிறோம் என்பது அவர்கள் தரப்பு. இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு வேறு இல்லங்களுக்கு மாற்றியது.

2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று வேண்டியவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். போலீஸ் உள்ளே போனது. உரிய அனுமதி இல்லை. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள், சித்திரவதை, பாலியல் வன்முறை என்று புகார்கள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

இரண்டிலும் எனக்குக் கண்ணில் படுவது ஒன்றே. எந்த ஆய்வாளரும் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றில் உள்ளே இருந்தவர் கத்தினார். இன்னொன்றில் வெளியே இருந்தவர் தேடி வந்தார். தேடி வர ஆள் இருந்த அந்த ஒருவரால் நூற்று நாற்பது பேர் வெளியே வந்தார்கள்.

அப்படியானால் ஆள் வராத இல்லம் ஏன் உருவாகிறது? இதில் நமக்கும் பங்கு உண்டு. ‘பெத்தவளைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டான்’ என்ற ஒரு வசனத்தை சினிமாவிலும் பட்டிமன்றத்திலும் நாற்பது வருடமாகச் சொல்லி, இல்லத்தில் விடுவதை ஒரு குற்றமாக்கி வைத்திருக்கிறோம். குற்றம் செய்தவன் அந்த இடத்துக்குத் திரும்பப் போக மாட்டான். எங்கள் அண்ணன் அக்கம்பக்கத்தில் ‘அம்மா பெங்களூர்ல என்கூட இருக்காங்க’ என்றே சொல்லிவந்தார். உறவுக்காரர்களுக்குத் தெரியாததால் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஊரே வந்திருக்கும். வெட்கப்பட்டு மறைத்தது பெரியம்மாவின் குதிகாலையும் சேர்த்து மறைத்துவிட்டது.

பராமரிப்புக்கு இல்லம் தவிர வழியே இல்லை என்றும் இல்லை. கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராமப்புறப் பிரிவான ருஷா, பகலில் மட்டும் முதியவர்கள் கூடிச் சாப்பிட்டு இருந்துவிட்டுப் போகும் மையங்களைக் கிராமங்களில் நடத்திக் காட்டியிருக்கிறது. கம்பெனி பஸ் வருகிற ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கும் தொழிற்சாலை, தொழிலாளியின் மாமியாருக்கு ஏன் வைக்கக் கூடாது? 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து வலித் தணிப்பும் பிசியோதெரபியும் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். இருந்தாலும், முழுநேரமும் இரண்டு கை தேவைப்படுகிறவர்களுக்கு இல்லம் வேண்டித்தான் இருக்கிறது.

போகிறவர்கள் எப்படிப் பார்ப்பது என்று நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதில் சில. ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள். அது நிர்வாகியின் நேரம், ஃபினாயில் வாசம் மூக்கைத் துளைக்கும். இரவுச் சாப்பாட்டு வேளையில் போங்கள். படுத்த வாக்கிலேயே கஞ்சியை ஊற்றுகிறார்களா, முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா என்று தெரியும். படுத்தபடி ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும், சாவுச் சீட்டில் ‘முதுமை’ என்று எழுதுவார்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் அவரவர் தலைமாட்டில் இருக்கின்றனவா, இல்லை ஒரு டப்பாவில் மொத்தமாகக் கிடக்கின்றனவா? மாதா மாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா? ஒரே மாதத்தில் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தால், வயது என்று விட்டுவிடக் கூடாது. ‘நல்லா பாத்துக்கிறாங்களா?’ என்று கேட்காதீர்கள். அந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் ‘நல்லா பாத்துக்கிறாங்கப்பா’ என்றுதான் சொல்வார்கள், ராத்திரி அவளிடம்தானே தண்ணீர் கேட்க வேண்டும். ‘நேத்து ராத்திரி ஒண்ணுக்கு வந்தப்ப யாரக் கூப்ட்டீங்க, எவ்ளோ நேரத்துல வந்தாங்க?’ என்று கேளுங்கள். ஏதாவது கெட்டது கண்ணில் பட்டு, சொல்ல இடம் தெரியாவிட்டால் 14567. முதியோருக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

பெரியம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினோம். புது இடத்துக் கட்டடம் பழசு, செம்பருத்தி இல்லை, சான்றிதழுக்குச் சட்டமும் இல்லை, ஒரு ஆணியில் தொங்குகிறது. இரவுக்கு மூன்று பேர். குதிகால் ஆற நான்கு மாதம் பிடித்தது.

போன வாரம் இரவு எட்டரைக்குப் போனேன். “இந்நேரத்துக்கா வர்றது?” என்று ஆயா முணுமுணுத்தாலும் விளக்கைப் போட்டார். பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கி, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை இருக்கிறதா என்று பார்த்து, குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, இறுக்கம் இல்லை. திரும்பும்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை, என்னோடு அதுவரை பேசியதும் இல்லை. போர்வையைத் தானே முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்தார்.

“என்துயும் கொஞ்சம் பாத்துட்டுப் போ நைனா.”